ஏரியலை எந்தப் பக்கம் திருப்புவது?

1

நான் எழுத உட்கார்ந்தது ஒரு காதல் கதை. காதலர்கள் மழையில், தேயிலைக் கொழுந்துக் காட்டில் சந்தித்தார்கள். அப்புறம் என்ன பேசுவதென்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எரிச்சலோடு நிமிர்ந்தபோது எதிரே தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுக் கூரையில் ஒரு டிவி ஏரியல் தெரிந்தது. காதலர்களை மழையில் விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டேன்.

பனி மூடிய கேமரன் மலையிலே, 1982ஆம் ஆண்டு—

வேண்டாம். பனி எல்லார் கதையிலும் வருகிறது.

நாகரத்தினம் கூரைமேல் ஏறினாள். இது போதும்.

2

நாகரத்தினம் தேயிலை ஆலையில் தூள் சலிக்கிறவள். லைன் வீடுகளெல்லாம் சேர்ந்து தானா ராத்தா டவுனில் டிவி வாங்கியது அவள் பேச்சை நம்பித்தான். "படம் தெரியலன்னா நான் பொறுப்பு" என்றிருந்தாள். படம் தெரிந்தது, இரண்டிரண்டாக. ஒவ்வோர் உருவத்துக்கும் பக்கத்தில் மங்கலாக இன்னொன்று. இன்று மாலைக்குள் சரியாகாவிட்டால் நாளை டிவி கடைக்கே திரும்பிப் போகும்.

ஏரியலை ஒளிபரப்பு நிலையத்தின் திசைக்கே திருப்பி வைத்தாள். கம்பத்தை உயர்த்தினாள். ஒயரை மாற்றினாள்.

கீழிருந்து லோரி ஓட்டுகிற ஆண்டியப்பன் குரல் கொடுத்தார்: "ஏம்மா, கதாநாயகன் பின்னாலயே அவன் தம்பியும் வரான் லா! பரவால்ல, பொண்ணுக்கும் ஒரு தங்கச்சி இருக்கு."

"வாய மூடுங்கண்ணே!"

(ஆண்டியப்பனைக் கதையிலிருந்து இரண்டு முறை நீக்கினேன். வேலைக்கு இடைஞ்சல். மறுபடி வந்து நிற்கிறார்.)

3

இங்கே நானும் மாட்டிக்கொண்டேன். அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

பலத்த காற்றில் ஏரியல் தானாகத் திரும்பி— சீ. பாராட்டைக் காற்றுக்கல்லவா கொடுக்க வேண்டும்!

தெரிந்த வழியெல்லாம் தீர்ந்துபோவதில் ஒரு வசதி இருக்கிறது. அதுவரை கையிலுள்ள பதில்களைத்தான் பார்க்கிறோம், கேள்வியைப் பார்ப்பதில்லை. விஞ்ஞானிகளும் முட்டி நின்ற இடத்தில்தான் சுவரைத் தடவிப் பார்த்திருப்பார்கள்.*

*நான் விஞ்ஞானி யாரையும் பார்த்ததில்லை. நாகரத்தினத்தைத்தான் பார்த்தேன்.

சரி, இடைஞ்சலையே கூப்பிடுவோம்.

4

"தம்பிய வெரட்டாத நாகு. எந்தப் பக்கத்துலேர்ந்து வரான்னு கேளு லா," என்றார் ஆண்டியப்பன்.

"பஸ்ஸுலயா வரான்?" என்று கத்தினாள்.

"...வரான்?" என்றது எதிர்மலை. சற்றுத் தாமதமாக, சற்று மங்கலாக.

நாகரத்தினம் எதிர்மலைப் பக்கம் திரும்பினாள். இத்தனை நாளும் அந்த இரண்டாவது உருவத்தை, அந்த நிழலை ஒழிக்கத்தான் பார்த்தாள். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கவே இல்லை. நிலையத்துக்கும் லைனுக்கும் நடுவே ஒரு மலை. நேரே வரும் படம் அதில் இடிபட்டு இளைத்து வருகிறது. எதிர்மலைப் பாறையில் பட்டுத் திரும்பி வருவதுதான் நிழல். ஏரியல் எதிர்மலைக்கு முதுகைக் காட்டியும் நிழல் இவ்வளவு தெரிகிறதே, முகத்தைக் காட்டினால்?

நிலையத்துக்கு முதுகு காட்டி, எதிர்மலையை நோக்கி ஏரியலைத் திருப்பினாள்.

"அய்யய்யோ, புள்ளைக்குப் பித்துப் புடிச்சிருச்சு!" என்றாள் பக்கத்து வீட்டு அம்சவல்லி.

5

கம்பத்தை இறுக்கிவிட்டு, "தெரியுதா?" என்று கேட்டாள்.

பதில் இல்லை.

"அண்ணே! தெரியுதா லா?"

ஆண்டியப்பன்கூட வாய் திறக்கவில்லை.

முடிவு ஒன்று: திரை முழுக்க வெறும் புள்ளிகளாகிவிட்டது, அவளிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. முடிவு இரண்டு: படத்தில் மூழ்கி அவளையே மறந்துவிட்டார்கள். எதை வைப்பதென்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே, கீழே எல்லாரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

படத்தைப் பார்த்தா, அவளை நினைத்தா?

எனக்குக் கூட்டமென்றால் கூச்சம். நீங்கள் வாசலருகில்தானே நிற்கிறீர்கள்? எட்டிப் பார்த்து அவளுக்குச் சொல்லுங்கள். அப்படியே உள்ளே உட்கார்ந்துவிடாதீர்கள், ஏணியைப் பிடிக்க ஆளில்லை.