இரண்டாம் சரணம் முடிந்ததும்

துருத்தியின் மேல் அவர் இடக்கை அப்படியே நின்றுவிடுகிறது, ஆர்மோனியம் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறது, நானும் காத்திருக்கிறேன், இரண்டாம் சரணம் முடிந்ததும் எப்போதும் இந்த இடைவெளி, எனக்குப் பத்தொன்பது வயது, பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்பவர்கள் எங்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள், தாளம் தப்புது வே ஜெரோம் என்று பாட்டு வாத்தியார் பல்லைக் கடிக்கிறார், அவரோ ஒன்றும் தெரியாதவர்போல என்னையே பார்க்கிறார், கப்பல் வேலையிலிருந்து தூத்துக்குடி திரும்பும்போது இந்தப் பாட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்தவர் அவர்தான், மெக்சிகோக்காரங்க மாதாவுக்குப் பாடுறது என்று வாத்தியாரிடம் கொடுத்தார், ஸ்பானியம் இங்கே யாருக்குத் தெரியும், வாத்தியார் உருகிப்போய் அதே மெட்டில் தமிழில் மாதா பாட்டு எழுதினார், அந்தப் பிள்ள பாடினாத்தான் எடுபடும் என்று என்னைக் காட்டியவரும் இவரேதான், பிறகு அந்த மெட்டு ஊருக்குள் இறங்கிவிட்டது, தொட்டில் ஆட்டும்போது அது, சப்பரத்துக்கு முன்னால் பேண்டுக்காரர்களுக்கு அது, ஐஸ் வண்டிக்காரர்கூட அதைச் சீட்டியடித்தபடி போவார், எங்கள் கல்யாணப் பூசையிலும் அதுதான், என்னப் பிடிச்சுத்தான் கட்டினீங்களா, உங்க அம்மா சொன்னதுக்காகவா என்று முப்பத்தைந்து வருஷமாகக் கேட்கிறேன், பிடிக்காமலா உன் மீன்குழம்பத் தின்னுட்டுக் கிடக்கேன் என்பார், அதற்குமேல் ஒரு சொல் வராது, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் விடாமல் கேட்டதும்.

போன வாரம் மகள் ரோசலின் கல்யாணத்துக்குக் கோயிலில் ஒத்திகை, ரோமில் படித்துவிட்டு வந்திருக்கும் புதுச் சாமியார் சிரிப்பை அடக்க முடியாமல் வந்து நின்றார், அம்மா, அங்க என் அறையில இருந்த மெக்சிகோக்காரர் குளிக்கும்போதெல்லாம் இதைத்தான் பாடுவார், இது மாதா பாட்டு இல்ல, கப்பல் ஏறப்போறவன்கிட்ட ஒருத்தி முத்தம் கேக்கிறா, இரண்டாம் சரணம் முடிஞ்சதும் பாட்டு நிக்கும், அந்த முத்தத்துக்காக என்றார், நான் திரும்பினேன், அவர் ஆர்மோனியக் கட்டைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார், உங்களுக்குத் தெரியுமா, தெரியும், கப்பல் சமையக்காரன் அப்பவே சொன்னான், அதை வாயத் திறந்து எங்கிட்டச் சொன்னா என்ன, ஏட்டி, வாராவாரம் சொல்லிக்கிட்டுத்தானே இருந்தேன், காது மடல் வரை சிவந்துபோயிருந்தார், நானோ சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன், எத்தனை ஞாயிற்றுக்கிழமை, மாதாவே நீதான் பொறுத்துக்கொண்டாய், இனிக் கோயிலுக்குள்ள வேண்டாம்மா, மண்டபத்துல பாடுங்க, நானும் கேக்க வாரேன் என்றார் சாமியார்.

மண்டபம் நிறைய ஆட்கள், ரோசலின் மாப்பிள்ளையோடு மேடையில், நான் பத்தொன்பது வயதுக் குரலைத் தேடிப்பிடித்துப் பாடுகிறேன், இரண்டாம் சரணம் முடிகிறது, துருத்தியின் மேல் அவர் இடக்கை நின்றுவிடுகிறது, அம்மா பாடு என்கிறாள் ரோசலின், நான் பாடவில்லை, குனிந்து அவர் வழுக்கையில் ஒரு முத்தம் வைக்கிறேன், மண்டபமே ஓவென்று கத்துகிறது, மூன்றாம் சரணத்தில்தான் முதன்முறையாக, நிஜமாகவே, அவருக்குத் தாளம் தப்புகிறது.