இடப்பக்கத்துக் கிட்டார்

1

இந்தக் கதை எனக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மனைக்கு உட்பிரிவுப் படம் வாங்கப் போயிருந்தேன். நில அளவைப் பிரிவில் இருந்த தன்யகுமார், "சார், இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க, அந்தக் காது வேலை செய்யாது" என்று வலப்பக்க நாற்காலியைக் காட்டினார். படம் வரத் தாமதமானது, பேச்சு வளர்ந்தது. மனுஷர் வீட்டில் ஏழு இசைத்தட்டுகள் இருக்கின்றனவாம். ஏழும் ஒரே ராக் ஆல்பம்! மனைக்குப் போனவன் கதையோடு திரும்பினேன்.

(ஆல்பத்தின் பெயரைக் கேட்காதீர்கள். அந்த இசைக்குழு நான் கட்டியது. தன்யகுமாரிலும் பாதி என் கைச்சரக்குதான்.)

2

'மலைக்குப் பின்னால் நிலா எழுந்தபோது—' வேண்டாம். அந்த நிலாவை எல்லாரும் எழுப்பியாயிற்று.

'1969, லண்டனில் ஒரு மழை நாளில்—' லண்டனை நான் பார்த்ததில்லை. ஆனால் ஆல்பம் உருவான விதத்தைச் சொல்லாமல் மேலே நகர முடியாது. தன்யகுமார் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன், தம்பி. இருவரும் கிட்டார். பதிவு நடந்த நாட்களில் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அண்ணன் காலையில் வந்து வாசித்துவிட்டுப் போவான், தம்பி மத்தியானம் வருவான். ஒலிப்பதிவாளர் அண்ணனை இடப்பக்கமும் தம்பியை வலப்பக்கமும் வைத்து, ஹெட்போனில் ஆளுக்கொரு காதில் மட்டும் விழும்படி வேலையை முடித்தார். "பங்காளிங்க கேஸ் சார். நடுவுல வரப்பு போட்டுட்டாரு. நாங்க தினம் செய்யறதுதான்" என்றார் தன்யகுமார். அதன்பிறகு அவர்கள் சேரவே இல்லை. இந்தத் தட்டில் மட்டும் அண்ணன் கேட்கிறான், தம்பி பதில் சொல்கிறான்.

2 (விட்டுப்போனது)

முதல் தட்டு, ரமணாசிரமம் பக்கத்து கெஸ்ட்ஹவுஸில் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது. மற்ற ஆறையும் தன்யகுமார் தேடித் தேடிச் சேர்த்தார். ஒவ்வொன்றிலும் கீறல் ஒவ்வோர் இடத்தில். ஒன்றில் பொரிகிற இடம் இன்னொன்றில் சுத்தமாக இருக்கும். ஏழையும் சேர்த்தால்தான் ஒரு முழு ஆல்பம் என்பார்.

ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடிப்பார் (சமணக் குடும்பம், இருட்டினபின் அடுப்படிக்கு வேலையில்லை). தட்டை விளிம்பில் பிடித்து எடுத்து, துடைத்து, ஊசியை வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொள்வார். இருபத்திரண்டு வருஷமாக இதுதான்.

போன ஆடியில் ஒருநாள் காலை எழுந்தார். இடது காது போயிருந்தது. வேலூர் டாக்டர், நரம்பு சமாச்சாரம், இனி வராது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து ஹெட்போனை மாட்டினார். தம்பி மட்டும் வாசித்துக்கொண்டிருந்தான். கேட்க ஆளில்லாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். ஏழு தட்டையும் போட்டுப் பார்த்தார். ஏழிலும் அண்ணன் இல்லை. ஐம்பது வயது தாண்டிய அரசு ஊழியர், சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார்.

3

முடிவு அ: காது திரும்பி வருகிறது. பேனா என் கையில், ஒரு வரி போதும். ஆனால் நான் அந்த மனுஷரின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்ல மனசு வரவில்லை.

முடிவு ஆ: எட்டாவது தட்டு. அதே ஆல்பத்தை மோனோவில் அச்சடித்த பிரதி. அதில் வரப்பு கிடையாது, இருவரும் இரண்டு பக்கமும் கேட்பார்கள். ஒரு காதே போதும். தன்யகுமார் பத்து மாதமாகத் தேடுகிறார். வெளிநாட்டிலிருந்து ஒரு பார்சல் வந்து, அதை அவர் பிரிக்கும்போது—

இந்த இடத்தில் தர்மவதி உள்ளே வந்துவிட்டார். அவர் மனைவி. இவ்வளவு நேரமாக அந்த அம்மாளை நான் கதைக்குள் விடவே இல்லை. தன்யகுமாரும் விடவில்லை, பாருங்கள்.

5

(நாலை அடித்துவிட்டேன். பார்சல் அதில்தான் வந்தது.)

ஞாயிறு மாலை. பௌர்ணமி வேறு. கிரிவலத்துக்கு வரும் பஸ்களின் ஹாரன் வீடு வரை கேட்டது. தன்யகுமார் ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"அந்த ரெண்டு பெட்டி எதுக்குங்க?" என்றார் தர்மவதி. சுவரோரம் இஸ்திரித் துணி அடுக்கியிருந்த பெட்டிகள்.

"ஸ்பீக்கர்."

"அன்னிக்கு அழுதுட்டே சொன்னீங்களே, அந்த அண்ணன் தம்பி. அதுல போட்டா ரெண்டு பேரும் ஒரே காதுல கேக்க மாட்டாங்களா?"

தன்யகுமார் திருதிருவென்று விழித்தார். அங்குலம் பிசகாமல் நிலம் அளக்கிறவருக்கு இது தோன்றவில்லையே!*

"உனக்குப் புடிக்காதேம்மா. கல்யாணமான புதுசுல போட்டேன், நீ கதவைச் சாத்திட்ட."

"ஐயே! கண்ணை மூடிக்கினு கேட்டுட்டு இருந்தீங்க. தொந்தரவா இருக்கும்னு சாத்தினேன். மறுவாரமே காதுல மாட்டிக்கினு உக்காந்துட்டீங்க. சரி, நமக்குக் கேக்கக் கூடாதுன்னு நெனைக்கிறாருன்னு நானும் விட்டுட்டேன்."

இரண்டு பேரும் மரியாதை பார்த்தே இருபத்திரண்டு வருஷத்தை ஓட்டியிருக்கிறார்கள்.

* எனக்கும் தோன்றவில்லை. அந்த மோனோ தட்டைத் தேடவிட்டு நானும் இரண்டு வாரம் வீணாக்கினேன். தர்மவதிக்கு நன்றி.

6

துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டு, ஹெட்போன் வயரைத் தர்மவதியே பிடுங்கினார். ஊசி இறங்கியது.

அண்ணன் வாசித்தான். இடப்பக்கத்துப் பெட்டியிலிருந்து கிளம்பி, அறையைக் கடந்து, வலது காதுக்குள் வந்தான். தம்பி பதில் சொன்னான். தன்யகுமாருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்னங்க, ரெண்டு பேரும் சண்டை போடறாங்களா?"

"ஆமாம்மா."

"கோவம் கம்மியாத்தான் இருக்குது. பாசம்தான் ஜாஸ்தி."

ஏழு தட்டு வைத்திருந்தும் அவருக்கு இது கேட்டதில்லை. தட்டை விட்டுப்போன வெள்ளைக்காரர், வரப்பு போட்ட ஒலிப்பதிவாளர், மிச்சமிருக்கும் காது, எல்லாருக்கும் மனசுக்குள் கும்பிடு போட்டார். பக்கத்தில் நிற்பவளுக்கு மட்டும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பாட்டு உச்சத்துக்குப் போயிற்று. தர்மவதி வந்து அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். தோளில் சாய்ந்து, அந்தச் செத்த காதுக்குள் என்னவோ சொன்னார். நீளமாகவே சொன்னார். மறந்துபோய்ச் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா?

என்னைக் கேட்காதீர்கள். இந்தக் கதை முழுக்க நான் தன்யகுமாரின் காதால் கேட்டு எழுதுகிறவன். அந்தப் பக்கம் எனக்கும் ஒன்றும் விழவில்லை. இடம் விட்டுவிடுகிறேன்:

"......................................"

இரண்டு காதும் உள்ளவர் நீங்கள்தான், எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் அடுத்த வரி மாறாது. தன்யகுமார், என்ன சொன்னாய் என்று திருப்பிக் கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சரிம்மா" என்றார்.