இறக்கிவிட நீட்டிய கை

போன வருஷம் மாசி மாதம் நீட்டிய தவசியின் வலது கை மாதக்கணக்கில் மடங்கவே இல்லை. முழங்கை விறைத்து, உள்ளங்கை வானத்தைப் பார்த்து, அதன் நடுவில் ஒரு பத்து ரூபாய் நோட்டு ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது. அதே மாதம்தான் தேங்காய் விலை ஏறியது, அணைத் தண்ணீர் இறங்கிக் கரையில் சேறு தெரிந்தது. மூன்றையும் ஊரே பார்த்தது. நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை.

வைகை அணைக்குப் பின்னால், தண்ணீர் தேங்கி நிற்கும் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். தூண்டிலும் கையுமாக வருகிற வெளியூர்க்காரர்களைப் பரிசலில் ஏற்றி, மீன் கிடக்கும் இடத்துக்குக் கூட்டிப்போவது தவசியின் தொழில். கூலி முதல்நாளே ஜிபேயில் வந்துவிடும். அதற்கு மேல் ஏதாவது கொடுப்பது வருகிறவர் மனசு. தவசி கேட்டதே இல்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்வான், கொடுக்காவிட்டால் துடுப்பைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவான். அவன் கை நீட்டுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். பரிசலின் விளிம்பில் கால் வைத்தால் அது சாயும், கீழே முழங்கால் சேறு. அதனால் கரை வந்ததும் முதலில் அவன் குதித்து, இடது கையால் பரிசலை அணைத்துப் பிடித்து, வந்தவரை இறக்கிவிட வலது கையை நீட்டுவான். இத்தனை வருஷத்தில் அந்தக் கையைப் பிடித்து இறங்கிய யாரும் சேற்றில் விழுந்ததில்லை.

அந்த மாசியில் வந்தவன் சுரேஷ்கண்ணன். ஏதோ தூரதேசத்துத் துரை என்று நினைத்துவிட வேண்டாம், ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்துக்காரர் மகன்தான். மதுரையில் கார் விற்கும் கடை வைத்திருக்கிறான். வருஷா வருஷம் திராட்சை வெட்டும்போது தோட்டத்தில் நின்று வீடியோ போடுவான். வெயிலிலும் மழையிலும் கிடந்து வளர்த்த பழத்துக்கு, வியாபாரி வந்து நின்று வாய்க்கு வந்த விலையைச் சொல்லிவிட்டுப் போகிறானே, எங்களைப் பிச்சைக்காரன் என்று நினைத்தானா என்று தொண்டை நரம்பு புடைக்கக் கத்துவான். அதை நானும் பார்த்திருக்கிறேன், லைக்கும் போட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

அன்று காலையெல்லாம் ஒரு பொடிமீன்கூடச் சிக்கவில்லை. தவசி பரிசலைத் திருப்பி, தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் கருவேல மரங்களின் பக்கம் கொண்டுபோனான். அங்கேதான் விரால் இழுத்தது, இழுத்த வேகத்தில் தூண்டில் நரம்பு முள்ளில் சிக்கியது. தவசி தண்ணீருக்குள் பாய்ந்து, தொடையை முள் கிழிக்க, நரம்பை விடுவித்து, மீனைச் செவுளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேலே வந்தான். சுரேஷ்கண்ணன் மீனை வாங்கித் தானே பிடித்தது மாதிரி நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். ஓரத்தில் தவசியின் ஈரத் தோள் தெரிந்ததை வெட்டிவிட்டுத்தான் ஸ்டேட்டஸ் வைத்தான். திரும்பி வருகிற வழியில் போனிடம் கேட்டான், மீன் பிடிக்கக் கூட்டிப்போகிறவனுக்கு டிப்ஸ் எவ்வளவு கொடுக்கலாம் என்று. வெளிநாடுகளில் கூலியில் நூற்றுக்கு இருபது வரை கொடுப்பார்கள் என்று போன் சத்தமாகவே சொன்னது. “அது அமெரிக்காக்காரனுக்கு. நமக்கு எதுக்கு?” என்று சிரித்தான். தவசிக்குக் காது நன்றாகக் கேட்கும். துடுப்புப் போட்டுக்கொண்டே வந்தான்.

கரை வந்தது. தவசி குதித்தான், பரிசலை அணைத்தான், கையை நீட்டினான். “பாத்து எறங்குங்க சார், இங்கன சேறு” என்றான். சுரேஷ்கண்ணன் அந்தக் கையைப் பார்த்தான். “அதுக்குள்ள கைய நீட்டிட்டியாப்பா?” என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து கசங்கிய பத்து ரூபாயை எடுத்து, உள்ளங்கையில் வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, தவசியின் தோளில் கை ஊன்றிக் கரைக்குத் தாவினான். “சார், நீங்க எறங்கத்தானே கை குடுத்தேன்!” என்று தவசி கத்தியபோது கார்க் கதவு சாத்தியாயிற்று. கத்திய வாய் மூடியது. நீட்டிய கை மடங்கவில்லை.

நோட்டை எடுக்க சோப்பு, மண்ணெண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து எலும்பில் ஒரு குறையும் இல்லை என்றார். டீக்கடையில் வேறு பஞ்சாயத்து. எவ்வளவு கொடுத்திருந்தால் கை மடங்கியிருக்கும் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு. நூறு போதும் என்றார் கடைக்காரர் வேல்பாண்டி. பாதி மீன் கொடுத்திருக்க வேண்டும் என்றார் ஒருவர், தொடையைக் கிழித்ததற்குத் தனி என்றார் இன்னொருவர். தவசியின் பெண்டாட்டி ஜோதிலட்சுமி பால் வாங்க வந்தவள் கேட்டுவிட்டாள். “எவ்வளவு எவ்வளவுன்னு இனி எவனாச்சும் பேசுனீக, கொதிக்கிற பாலை எடுத்து மூஞ்சில ஊத்திருவேன். அவரு கேக்கவே இல்லையேடா, பாவிகளா!” என்றாள். அதன்பிறகு எங்கள் டீக்கடையில் தேங்காய் விலையைத்தான் பேசினோம்.

துடுப்புப் போட இரண்டு கை வேண்டும். எனவே பரிசலை ஜோதிலட்சுமி எடுத்துக்கொண்டாள், வீட்டில் உலை கொதிப்பது நிற்கவில்லை. ஆனால் தவசியின் மானம் நடுத்தெருவில் கிடந்தது. பஸ்ஸில் ஏறினால் யாராவது சில்லறை போட்டார்கள். போட்ட காசெல்லாம் ஈரமாகி, மீன் நழுவுவது போல நழுவிக் கீழே விழுந்தது, அந்தப் பத்து ரூபாய் மட்டும் அசையவில்லை. கை மடங்க வேண்டும் என்று வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, சித்திரைத் திருவிழாவில் இடது கையில் தீச்சட்டி ஏந்திப் போனான். கோயில் வாசல் போய்ச் சேர்வதற்குள் நீட்டிய கையில் விழுந்த காசு அவன் காலடியில் கலகலவென்று கொட்டியது. ஒரு அம்மா தன் பிள்ளையைத் தூக்கி, “போடுய்யா, பாவம்” என்று சொல்லிப் போடவைத்தாள். தவசி சாமி என்றும் பாராமல் கத்திவிட்டான். “ஆத்தா, உனக்குமா கண்ணு அவிஞ்சுபோச்சு?” என்றான். வீட்டுக்கு வந்து அரிவாளைத் தீட்டினான். தோளோடு வெட்டி எறிந்தால் யாரும் காசு போட மாட்டார்கள் அல்லவா? ஜோதிலட்சுமி அரிவாளைப் பிடுங்கி, தினமும் பரிசலிலேயே எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தக் கை வீடியோவில் ஊர் ஊராகப் போனது, நோட்டை வைத்தவன் பெயரும் கூடவே போனது. அடுத்த திராட்சை வெட்டுக்கு ஓடைப்பட்டிக்கு வந்த வியாபாரிகள், “என்ன பத்து ரூபா சார், கிலோவுக்கும் பத்தே போட்டுக்கலாமா?” என்று சுரேஷ்கண்ணன் முகத்துக்கு நேரே கேட்டார்கள். கார்க் கடையிலும் சிரித்தார்கள். அவன் பெண்டாட்டி உமாதேவி, போய்ச் சரிபண்ணிவிட்டு வந்தால்தான் வீட்டில் சோறு என்று சொல்லி, தானே கூடக் கிளம்பி வந்தாள். ஐந்நூறு ரூபாய்க் கட்டோடு வந்தவன், தவசியின் கையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தான். வைத்ததெல்லாம் ஈரமாகி வழுக்கிச் சேற்றில் விழுந்தது. கட்டு தீர்ந்தது. “எவ்வளவுதான்யா வேணும்? சொல்லித் தொலையேன்!” என்று கத்தினான். “நான் எப்பய்யா கேட்டேன்?” என்றான் தவசி.

“ஏறு பரிசல்ல” என்றாள் ஜோதிலட்சுமி. சார் எல்லாம் போயிற்று. உமாதேவியும் “ஏறுங்க” என்றாள். ஜோதிலட்சுமி நடுத்தண்ணீர் வரை கொண்டுபோய், சுற்றிக்காட்டித் திரும்பக் கொண்டுவந்தாள். கரையில் தவசி நின்றான், கை நீட்டியபடி. சுரேஷ்கண்ணன் அதைப் பார்த்தான். பழக்க தோஷம், விரல்கள் சட்டைப்பைக்குத்தான் போயின. பை காலி. வீம்பாக விளிம்பில் கால் வைத்தான், பரிசல் சாய்ந்தது, முழங்கால் சேறு அன்று அவனை இடுப்புவரை இழுத்துக்கொண்டது. உதற உதற இன்னும் இறங்கினான். அலறிக்கொண்டு எட்டி அந்தக் கையைப் பிடித்தான். பத்து ரூபாய் பிரிந்து தண்ணீரில் போனது. தவசியின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின, இழுத்துக் கரையில் போட்டன.

போட்டன, ஆனால் விடவில்லை. மடங்காத கை மடங்கியது, மடங்கிய கை திறக்கவில்லை. சுரேஷ்கண்ணன் அழுதான், ஆயிரம் முறை மன்னிப்புக் கேட்டான். அதையும் ஒரு டிப்ஸ் என்றே விரல்கள் எடுத்துக்கொண்டன போல. தவசி வீட்டுக்குள் கட்டிலில் படுக்க, ஜன்னல் வழியாகக் கையைக் கொடுத்தபடி அவன் வாசலில் படுத்தான். “எனக்கு எதுக்கு இந்த வேண்டாத விருந்து?” என்று ஜோதிலட்சுமி திட்டிக்கொண்டே அவனுக்கும் சோறு போட்டாள். உமாதேவி ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டை வேட்டி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மீன்குழம்பு வாங்கிப் போனாள். கடையை அவள் பார்த்துக்கொண்டாள், முன்னைவிட நன்றாகவே ஓடியதாகக் கேள்வி. அவனும் சும்மா இருக்க முடியாமல் ஒற்றைக் கையால் தூண்டிலுக்கு மாவு பிசையப் பழகினான். ஜோதிலட்சுமியின் பரிசல் கரைக்கு வந்தால் தவசி இடது கையால் அதை அணைத்துக்கொள்வான், சுரேஷ்கண்ணன் தன் இடது கையை நீட்டி வந்தவர்களை இறக்கிவிடுவான். நன்றாகத்தான் செய்தான், பொய் சொல்லக் கூடாது.

இந்தப் பங்குனியில் ஒருத்தர் வந்தார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, காதில் போன். பேச்சு நிற்கவே இல்லை. கரை வந்ததும் சுரேஷ்கண்ணன் கை நீட்டி, “பாத்து எறங்குங்க சார், இங்கன சேறு” என்றான். அவர் போனில் பேசிக்கொண்டே இருபது ரூபாயை எடுத்து அந்தக் கையில் வைத்து அழுத்திவிட்டுத் தாவிப் போனார். விலைவாசி ஏறிவிட்டதல்லவா? “யோவ், எறங்கத்தானேய்யா கை குடுத்தேன்!” என்று சுரேஷ்கண்ணன் அலறிய அலறலில் அக்கரைக் கொக்கெல்லாம் பறந்தது. கார்க் கதவு சாத்தியாயிற்று. அப்போதுதான் தவசியின் விரல்கள் தாமாகத் திறந்தன. அவன் கையை மடக்கினான், நீட்டினான், மறுபடி மடக்கினான். பிறகு ஜோதிலட்சுமியிடமிருந்து துடுப்பை வாங்கிக்கொண்டான்.

சுரேஷ்கண்ணன் ஓடைப்பட்டிக்குப் போய்விட்டான். ஆனாலும் தினமும் காலையில் உமாதேவி காரில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறாள். அந்தத் தொப்பிக்காரர் என்றைக்காவது திரும்பி வருவார் என்று, இடது கையை நீட்டி, இருபது ரூபாயோடு கரையில் நிற்கிறான். வெளியூர்க்காரர்கள் பாவம் என்று சில்லறை போடுகிறார்கள், அது வழுக்கி விழுகிறது. தவசி பரிசலை ஓட்டிவந்து கரை சேர்ந்ததும், குதித்து எல்லோரையும் இறக்கிவிட்டு, கடைசியாகச் சேற்றிலிருந்து அந்தக் கையைப் பிடித்துத்தான் கரையேறுகிறான். காசு எதுவும் வைப்பதில்லை.