பதினோராம் சேனல்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை. அரை மணி நேரம் பேச்சு அறுபடாமல் இருந்தால், வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை அவளுக்கு நிலைக்கும். இல்லையென்றால் போச்சு. இரண்டு முறை எச்சரித்துவிட்டார்கள். அச்சகம் மூடியதிலிருந்து கணவன் வீட்டில்தான் இருக்கிறான்; குடும்பமே அந்த லேப்டாப்பை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தாள். மைக்ரோவேவை நிறுத்தினாள். கணவனின் புளூடூத் ஸ்பீக்கரை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"அடுத்து என்னையும் பூட்டுவியா?"

"நீங்க சிக்னலைக் கெடுத்தா கண்டிப்பா பூட்டுவேன்."

மோடத்தை மீன்தொட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்து பீரோமேல் ஏற்றினாள். வயர் போடலாமென்றால், கம்பெனி லேப்டாப்பில் எதையும் செருகக் கூடாதென்று உத்தரவு.

கடைசியில்தான் கோளாறு பிடிபட்டது. வைஃபைக்கு ஒன்றையொன்று இடிக்காத அலைவரிசைகள், அதாவது சேனல்கள், மூன்றுதான்: ஒன்று, ஆறு, பதினொன்று. குடியிருப்பின் இருபத்தோரு வீட்டு வைஃபையும் ஆறாம் சேனலில் முட்டிமோதிக்கொண்டிருந்தன. ஒன்றாம் சேனலைக் கீழ்க்கடையின் கேமராக்கள் பிடித்திருந்தன. பதினொன்று மட்டும் காலி. அதற்கு மாற்றியதும் குரல் கணீரென்று வந்தது.

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பூரிப்பில் மேல்வீட்டு வாத்தியாரிடம் சொல்லிவிட்டாள். குடியிருப்பு வாட்ஸ்அப் குழு அவர் கையில். அம்புக்குறி போட்டுப் படத்தோடு அனுப்பினார். இரண்டே நாளில் எல்லா வீடும் பதினொன்றுக்குக் குடிவந்துவிட்டன.

சோதனையன்று காலை எட்டு மணிக்குப் பார்த்தாள். ஆறு வெறிச்சோடிக் கிடந்தது. சத்தம் காட்டாமல் அதற்கு மாறிக்கொண்டாள். கணவனிடம்கூட மூச்சு விடவில்லை.

ஒன்பதரைக்கு வாத்தியார் வந்தார். "என்னம்மா, முகம் வாடியிருக்கு?"

"பத்து மணிக்கு லைனைச் சோதிக்கிறாங்க சார். இதுல தேறலைன்னா வேலை போயிடும்."

"நாங்கல்லாம் பதினொண்ணுக்கு வந்தது உனக்கு இடைஞ்சலா போச்சோ?"

"அதெல்லாம் இல்ல சார். இப்ப பரவாயில்ல."

ஆறுக்கு மாறியதை மட்டும் விழுங்கிவிட்டாள். ஒரு தடவை சொல்லிப் பட்டது போதும்.

முதல் பத்து நிமிடம் ஒரு குறையும் இல்லை. பிறகு எதிர்முனை அதிகாரியின் குரல் உடைய ஆரம்பித்தது. "மேடம்... கேக்கு... விட்டு விட்டு..."

"கேக்குது சார்! எனக்குக் கேக்குது!"

பக்கத்திலிருந்த போன் ஒளிர்ந்தது. குழுவில் வாத்தியார் எழுதியிருந்தார்: 'கீழ்வீட்டுப் பொண்ணுக்கு இன்னிக்கு வேலைச் சோதனை. பதினொண்ணை அவளுக்கு விட்டுட்டு, எல்லாரும் உடனே ஆறுக்குப் போயிடுங்க.' அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே இருந்தன.

இப்போது சேனலை மாற்றினால் மோடம் அணைந்து உயிர்வர இரண்டு நிமிடம் ஆகும், பேச்சு அறுந்துவிடும். மாற்றாவிட்டாலும் அதே கதிதான். கை டச்பேட்மேல் அப்படியே இருந்தது. அதிகாரியின் முகம் பாதி திறந்த வாயோடு உறைந்து, பிறகு மறைந்தது.

பத்தே முக்காலுக்கு வாத்தியார் கதவருகே சிரித்தபடி நின்றார். "ஒருத்தர் பாக்கியில்லாம காலி பண்ண வெச்சுட்டேன். எப்படி இருந்துச்சும்மா?"

"ரொம்ப நன்றி சார்," என்றாள்.

அவர் மாடியேறியதும் கணவனிடம் பரண்மேலிருந்த அட்டைப்பெட்டியை இறக்கித் தரச் சொன்னாள். லேப்டாப்பை அந்தப் பெட்டியில்தான் அனுப்பியிருந்தார்கள். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.