பை நிறைய வைத்தியம்

சலூன்காரருக்கு ஆறு வருஷமாக இடுப்புவலி. முடி வெட்டிக்கொள்ள வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் சொன்ன எண்ணெய், இன்னொருவர் சொன்ன சூரணம், ஊசி குத்தும் அக்குபங்சர் வைத்தியம் என்று எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. டாக்டரம்மா கொடுத்த மாத்திரையையும் கூடவே விழுங்கினார். டாக்டரம்மாவிடம் மட்டும் மற்றதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

வயிறு எரிய ஆரம்பித்ததும், மனைவி எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிப்போட்டு வந்து டாக்டரம்மாவின் மேஜைமேல் கொட்டி, ஊசி வைத்தியத்தையும் சொல்லிவிட்டாள். சலூன்காரர் தலை நிமிரவில்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. சூரண டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல என்ன கலந்திருக்குன்னே போடல. இது வேண்டாம்," என்று ஒதுக்கிவைத்தார். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் வேறு மாத்திரை எழுதினார். "எண்ணெய் இதமா இருந்தா தேய்ச்சுக்குங்க. ஊசி?"

"ரெண்டு நாளைக்கு நல்லா இருக்கும்மா."

"அப்ப அதுவும் இருக்கட்டும்."

"வலி மொத்தமா போயிடுமா?"

"போயிடும்னு பொய் சொல்ல மாட்டேன். குறைக்கலாம். உக்காந்து வெட்டிப் பாருங்களேன்."

"வந்தவங்க முன்னாடி எப்படிம்மா உக்கார்றது?"

"ஏன், நீங்க உக்காந்தா கத்திரியும் உக்காந்துக்குமா?" என்றாள் மனைவி.

மறுநாள் சக்கரம் வைத்த உயரமான ஸ்டூலில் கூச்சத்தோடு உட்கார்ந்து வெட்டினார். வலி இருந்தது. ஆனால் காதோர முடியை ஒதுக்கும்போது கொஞ்ச நேரம் அதை மறந்தே போயிருந்தார். வந்தவரோ கண்ணாடியில் தன் தலையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.