விரித்த கை

பொக்லைன் ஓடும்போது கீழே நிற்பவர் வண்டிக்குக் கிட்டே போகவேண்டுமென்றால் முஷ்டியை உயர்த்த வேண்டும். ஓட்டுபவர் பக்கெட்டைத் தரையில் இறக்கி, லீவரை விட்டு, விரித்த கையைக் காட்டுவார். அதைப் பார்க்காமல் ஓரடி எடுத்து வைக்கக் கூடாது. எங்கள் நீகாட்டா மலைச்சாலை வேலையில் கினுயோவுக்கு இதைத் திட்டித் திட்டிப் பழக்கியதே அவள் புருஷன் மோரிஹிரோதான்.

அவனுக்கு முதுகு போய்விட்டது. வேறு ஓட்டுநர் கிடைக்கவில்லை. முதலாளி தாச்சிபானா, வண்டியில் கேமரா பூட்டி, நகரத்து ஆபீஸிலிருந்தே அவனை ஓட்ட வைத்தார். ஆனால் பக்கெட்டில் கயிறு மாட்ட மலையில் ஓர் ஆள் வேண்டுமே! அது கினுயோதான். புதிதாக யாராவது சேர்ந்தால் கடும்பனிக்கு முன்னால் அவள் மலை வேலையை விட்டு இறங்கிவிடலாம். அதற்காகவே இப்படி ஓட்டிய முதல் நாளில் தொழிற்பள்ளிப் பிள்ளைகளை ஆபீஸுக்கு அழைத்து வந்து காட்டினார்கள்.

திரையில் கினுயோ. பனியும் மழையும் கலந்து கொட்டுகிறது. ஒரு கையில் கயிறு, மறு கை முஷ்டியாக மேலே. மோரிஹிரோ பக்கெட்டை இறக்கினான். அவள் நகரவில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவன் வாய் சும்மா இருக்குமா? வண்டியின் ஒலிபெருக்கியில் கத்தினான். "ஏய், என்ன மரம் மாதிரி நிக்கிற? இத்தனை பேரு முன்னாடி என் மானத்தை வாங்குறியா? தூங்குமூஞ்சி!"

அப்போதும் முஷ்டி இறங்கவில்லை. கடைசியில் கயிற்றைக் கீழே போட்டு வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

"கையைக் காட்டுங்க, வரேன்."

"காட்டிட்டுத்தானேடி இருக்கேன்!"

"எங்கங்க? வண்டியில யாருமே இல்லையே."

அறையில் எல்லோரும் அவன் கையைப் பார்த்தார்கள். ஹீட்டர் வெதுவெதுப்பில், திரைக்கு நேராக, ஐந்து விரலும் விரிந்து நின்றது. மோரிஹிரோவுக்குக் காதுவரை சிவந்தது. கையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

"பரவாயில்ல, வா," என்றான் மெதுவாக.

"குரலை நம்பி வராதேன்னு நீங்கதானே சொன்னீங்க."

இன்ஜினை அணைத்தான். பிறகுதான் அவள் வந்து கயிறு மாட்டினாள். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் ஒலிபெருக்கியில்தான் போகும்.

பிள்ளைகள் குனிந்து வணங்கி, "யோசிச்சுச் சொல்றோம்" என்று கிளம்பினார்கள். எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். தாச்சிபானா அவன் முகத்தைப் பார்க்காமல் கோப்பைகளைக் கழுவப் போனார்.

சாயங்காலம் வீட்டில் கினுயோ அடுப்பருகே உட்கார்ந்து, முஷ்டி உயர்த்தியிருந்த வலது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மோரிஹிரோ எதிரே மண்டியிட்டான். விரித்த கையை அவள் முன்னே நீட்டினான்.

"இப்பத்தான் காட்டுறீங்களாக்கும்," என்றாள். "யாராச்சும் சேர்ந்தாங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி விடுங்க. நாளைக்கு இன்னொரு ஜோடி கையுறை வாங்கிக்கணும்," என்று தன் கையை விரிக்கப் பார்த்தாள். இரண்டு விரல்கள் மடங்கியபடியே இருந்தன.