அக்கா உட்கார்ந்தால் மூடாத கதவு

"கதவுக்கு ஒண்ணும் இல்ல. உங்க அக்காவுக்குத்தான் எடை கூடிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே அத்தான் வண்டியை என் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். அக்கா பின்னால் நடந்து வந்தாள். கொஞ்ச நாளாக அவள் அதில் ஏறுவதில்லை.

இரண்டே கதவுகள், துணிக்கூரை. அந்தக் காலத்துக் கார். அத்தான் வாங்கும்போதே அடியெல்லாம் துரு. பழைய வண்டிகளுக்குத் தகரம் தட்டுவதுதான் என் பிழைப்பு. ஆனாலும் மச்சினி கையில் கொடுத்தால் மானம் கப்பலேறிவிடும் என்று அத்தான் தன் வீட்டு வாசலிலேயே வைத்துத் தானே செப்பனிட்டார். பெயிண்ட் மட்டும் முகம் பார்க்கலாம் போல இருந்தது.

அவர் பக்கத்துக் கதவு ஒழுங்காக மூடிக்கொள்ளும். பக்கத்தில் அக்கா உட்கார்ந்தால் அவள் கதவு பூட்டில் பிடிக்காது. அதை வைத்து அத்தான் போகிற வீட்டிலெல்லாம் சிரிப்புக் காட்டினார். அடுத்த வாரம் மலைப்பாதையில் மகள் வீட்டுக்கு இந்த வண்டியில்தான் போவது என்று வேறு சொல்லிவிட்டார். தான் வரவில்லை என்று அக்கா சொல்லிவிட்டாள். இப்போதெல்லாம் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறாள். என் அக்கா சோற்றை விட்டு எழுந்து நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வண்டிக்குள் யாரும் இல்லாதபோது அக்கா பக்கத்துக் கதவைச் சாத்திப் பார்த்தேன். டக்கென்று பிடித்தது. திறந்து, நுனியைத் தூக்கி ஆட்டினேன். கீல் அசையவில்லை.

"கீல் புதுசு. நானே மாட்டினேன்" என்றார் அத்தான்.

"சரி, ரெண்டு பேரும் ஏறுங்க."

அவர் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா தயங்கித் தயங்கி ஏறினாள். அவள் கதவை நான் தள்ளினேன். கதவின் பூட்டு, வண்டித் தூணிலிருக்கும் கொக்கிக்குக் கீழே போய் இடித்தது.

"பாத்தியா?"

"பாத்தேன். எப்பவும் நீங்கதான் முதல்ல ஏறுவீங்களா?"

"பின்ன? ஓட்டுறது நான்தானே."

"இறங்குங்க. இப்ப அக்கா முதல்ல ஏறட்டும்."

அக்கா மட்டும் ஏறினாள். சாத்தினேன். பிடித்தது. அவள் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அடுத்து அத்தான் ஏறினார். அவர் கதவு பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தார். ஓங்கி அடித்தார். துரும்பு மாதிரி இருக்கிற மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது.

"ஏங்க, ராத்திரிச் சோத்தைக் கொஞ்சம் கொறைச்சுப் பாருங்களேன்" என்றாள் அக்கா.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. இரும்புக் கூரை இல்லாத வண்டிக்குக் கதவின் கீழே ஓடும் சட்டம்தான் முதுகெலும்பு. மலைப்பாதையில் அது விட்டுப்போனால் வண்டி நடுவில் மடங்கிவிடும். இரண்டு பேர் பாரத்துக்கே நடு தொய்கிறது என்றால், கடைசியாக ஏறுகிறவர் யாராக இருந்தாலும் அவர் கதவுதான் பிடிக்காமல் போகும்.

வண்டித் தரைக்கு அடியில், நடுவில், பலகை கொடுத்து ஜாக்கியை லேசாக ஏற்றினேன். "இப்ப சாத்துங்க" என்றேன். அத்தான் கதவு விரலால் தள்ளியதற்கே பிடித்துக்கொண்டது.

இருவரையும் இறக்கிவிட்டு, சட்டத்தின் அடிப்பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரை உள்ளே போனது. பெயிண்டுக்கு அடியில் பூசிய பட்டியும் துருவும் பொலபொலவென்று உதிர்ந்தன.

"துருவ வெட்டி எடுக்கவே இல்லையா அத்தான்?"

"மேலயே ஒரு தகடு வெச்சு, பட்டி போட்டுத் தேச்சுட்டேன்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இவர் பட்டியில் மறைத்திருந்தார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டத் தோன்றியது. அக்கா முந்திக்கொண்டாள்.

அவள் குனிந்து துருவைக் கையில் அள்ளிப் பார்த்தாள். "நான் இன்னும் கொஞ்சம் இளைச்சிருந்தா கதவு மூடியிருக்கும், இல்ல?"

"மூடியிருக்கும்" என்றேன்.

"நாங்களும் மலையேறக் கிளம்பியிருப்போம்."

அத்தான் சாவியை என் மேஜைமேல் வைத்தார். பிறகு அக்காவிடம் வந்தார்.

"காலைல நீ ஒண்ணுமே சாப்பிடல."

"ஆமா" என்றாள் அக்கா. "நல்லாப் பசிக்குது."